பின்சீட்டில் தொலைந்த பல்

பிள்ளைகளோடு காரில் நெடுந்தூரம் போவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளையின் வயதைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. “முதல் பிறந்தநாள் வருகிறது”, “இப்போதுதான் நடை பழகுகிறாள்”, “அடுத்த வருடம் படிக்கப் போய்விடுவான்” என்று. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. எங்கள் முதல் நீண்ட பயணத்தின்போது மகளுக்குப் பத்து மாதம். இப்போது அவளுக்கு 22 வயது, மகனுக்கு 19. இடைப்பட்ட வருடங்களில் வழியில் நடந்ததையெல்லாம் காரின் முன்பெட்டியில் ஒரு நோட்டு வைத்து எழுதி வந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: குழந்தைக்குப் பதினோரு மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பிறந்தநாளுக்கு நான்கு நாள் காரில் போகலாம் என்று இருக்கிறோம். “நடக்கப்போகிற நேரத்தில் பிள்ளையைச் சீட்டில் கட்டிப்போட்டால் நடை தள்ளிப்போகும்” என்கிறார் மாமியார். உண்மையா?

மாமியாரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். அதில் ஒரு பாதி சரி. நாள் முழுவதும் சீட்டிலேயே இருப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல. ஆனால் நான்கு நாள் பயணத்தால் நடை தள்ளிப்போகாது. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட அளவுகளின்படி, குழந்தை பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை பரவியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் ஓடுகிறதே என்று பார்க்க வேண்டியதில்லை.

என் மகள் முதல் அடி வைத்தது நாங்கள் தங்கிய ஒரு விடுதியின் தாழ்வாரத்தில். பதின்மூன்றாவது மாதம். நான் அறைச் சாவியோடு போராடிக்கொண்டிருந்தேன், அவள் சுவரைப் பிடித்தபடி நின்றாள். திரும்பிப் பார்த்தால் மூன்றடி தள்ளி, எதையும் பிடிக்காமல் நிற்கிறாள். போட்டோ இல்லை, வீடியோ இல்லை. “மாலை 6.10, தாழ்வாரம், மூன்று அடி, அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்” என்று நோட்டில் இருக்கிறது. அன்று மாலை ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குப் போவது என்று திட்டம். அவள் சிணுங்கினாள் என்று அதை விட்டுவிட்டோம். விடாமல் போயிருந்தால், அந்த நேரத்தில் அவள் என் இடுப்பில் இருந்திருப்பாள்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு நாளில் ஒரே ஒரு இடம் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சீட்டிலிருந்து எடுத்து, விரிப்பில் தவழவிடுங்கள். மாலையில் சீக்கிரம் அறைக்குப் போய்விடுங்கள். போனதும் நீங்களே ஒருமுறை தரையில் மண்டியிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். நின்று பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும்: கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் மின்செருகு துளை, மேசையின் கூரான முனை, இழுத்தால் விழும் விளக்கின் வயர், பால்கனிக் கம்பிகளின் இடைவெளி. மாமியாரும் வருகிறாரா? அவரையும் அழைத்துப் போங்கள். முதல் அடியைப் பார்க்க இன்னும் இரண்டு கண்கள் இருப்பது நல்லது.

கேள்வி: நான் ஒரு பாட்டி. பேரனுக்கு இரண்டு வயது. குழந்தைகளுக்கென்று காரில் பொருத்தும் தனிச் சீட்டில் கட்டினால் அழுகிறான். என் மடியில் வைத்துக்கொண்டால் அமைதியாகத் தூங்குகிறான். இறுகப் பிடித்துக்கொண்டால் போதாதா?

போதாது அம்மா. உங்கள் மடியைப் போல அவனுக்கு இதமான இடம் வேறு இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவர் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போவார். சுமார் மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுபவரின் வேகம் அது. அப்படி விழுகிற குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கைக்கு அந்த வலு கிடையாது. உங்கள் பெல்ட்டையே அவனுக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் உங்கள் உடலின் எடை முழுவதும் அவன் மேல் அழுந்தும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அவன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற சீட் வேண்டும். அந்தச் சீட்டின் அளவு இடம்கொடுக்கும்வரை அது பின்பக்கம் பார்த்தபடியே இருப்பது நல்லது. சிறு குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிடும்போது கனம், கழுத்து மெலிசு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதலின்போது முதுகும் கழுத்தும் தலையும் ஒன்றாகச் சீட்டில் சாயும். ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்: காற்றுப்பை (ஏர்பேக்) இயங்கும் முன்சீட்டில் இந்தப் பின்பக்கச் சீட்டை வைக்கவே கூடாது.

அழுகைக்கு என்ன செய்வது? சீட்டை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். அதில் உட்கார்த்தி விளையாட்டுக் காட்டுங்கள். பயணத்தில் நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் அம்மா அப்படித்தான் என் மகனோடு வந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தூங்குவான். விரல் மரத்துப்போனாலும் எடுக்கமாட்டார்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கார் கிளம்பி அரை மணியில் வாந்தி. இதனாலேயே எங்கும் போவதில்லை.

உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு “நாம் நகர்கிறோம்” என்கிறது. முன்சீட்டின் முதுகையோ கையில் உள்ள படத்தையோ பார்க்கும் கண், “எதுவும் நகரவில்லை” என்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். அவன் வேண்டுமென்றே செய்வதில்லை, இது நோயும் இல்லை.

கண்ணுக்கும் நகர்வு தெரியும்படி செய்தால் பாதி சரியாகிவிடும். முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி பின்சீட்டின் நடுவில் உட்கார வையுங்கள். அங்கே அவன் சீட்டைச் சரியாகப் பொருத்த முடிய வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம், போன் இரண்டும் வேண்டாம். தூரத்தில் உள்ள மலை, கோபுரம், மேகம் எதையாவது காட்டிப் பேசுங்கள். பட்டினியும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. எண்ணெய் இல்லாத லேசான உணவு கொஞ்சமாகக் கொடுங்கள். கண்ணாடியைச் சற்று இறக்கிக் காற்று வரவிடுங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் வயதும் எடையும் சொல்லிக் கேட்ட பிறகுதான். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம்.

இன்னொன்று. “வாந்தி வருதா, வாந்தி வருதா” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். கேட்கக் கேட்க அவனுக்கு அதே நினைப்பாகிவிடும். பை, ஈரத்துணி, மாற்றுச்சட்டை மூன்றும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். “வந்தால் இதில் எடுத்துவிடு, பரவாயில்லை” என்று கிளம்பும்போது ஒரே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், போக்குவரத்தும் குறைவு, காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். இது நல்ல யோசனைதானே?

இல்லை, சகோதரரே. பிள்ளைகளுக்கு வசதி, ஓட்டுகிறவருக்கு ஆபத்து. நள்ளிரவு கடந்து இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, நம் உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரையும் கொஞ்சம் அப்படித்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் மூடினால், கார் 65 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாமல் ஓடியிருக்கும்.

இது எங்களுக்கு நடந்தது. மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று விடியும்போது கடற்கரையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இரவில் கிளம்பினோம். நான்கு மணி வாக்கில் கார் சாலையோரச் சரளையில் ஏறிய சத்தத்தில் நான் விழித்தேன். என் கணவரும் அந்தச் சத்தத்தில்தான் விழித்தார். ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு விளக்கு வெளிச்சமான இடம் தேடிப்போய் நிறுத்தித் தூங்கினோம். கடற்கரைக்குப் போனபோது மணி ஒன்பது. மகளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. விடியலுக்கு ஆசைப்பட்டது நாங்கள்தான்.

அன்றிலிருந்து, விடிந்த பிறகு கிளம்புவோம், இருட்டும் முன் நிறுத்துவோம். ஓட்டுகிறவருக்குக் கண் கனத்தால் ஜன்னலைத் திறப்பதோ பாட்டை உரக்க வைப்பதோ உதவாது. நிறுத்திவிட்டுத் தூங்குவதுதான் வழி. சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு நாளில் சக்கரம் ஓடுவது ஐந்து மணி நேரத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இது என் கணக்கு, எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை.

கேள்வி: எனக்குப் பத்து வயது. காரில் போகும்போது ரொம்ப போர் அடிக்கிறது. அம்மா போனை வாங்கி வைத்துவிடுகிறார். தம்பி தூங்கிவிடுவான். நான் என்ன செய்வது?

கண்ணா, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உன்னுடையதுதான். உனக்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

1888 ஆகஸ்ட். கார் என்ற ஒன்று அப்போதுதான் பிறந்திருந்தது. அதை உருவாக்கியவர் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ். வாங்குவதற்குத்தான் ஆள் வரவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு நாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர். அதற்கு முன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. மகன்கள் ஆய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. பெட்ரோல் நிலையம் என்று ஒன்றே கிடையாது. வழியில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மேட்டில் கார் திணறியதைப் பார்த்ததால்தான் பிறகு அதில் இன்னொரு கியர் சேர்த்தார்கள்.

பார்த்தாயா, உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பாட்டி வீட்டுக்குப் போனதுதான். அந்தப் பையன்களுக்குக் கை நிறைய வேலை இருந்தது. உனக்கும் வேலை வேண்டும், அம்மாவிடம் கேள். நான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று முன்பலகையில் பார்த்து எழுது, நேரத்தையும் எழுது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி எழுது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். அப்பா “80-ல் வந்தேன்” என்பார், நீ கணக்குப் போட்டால் 52 என்று வரும். ஏன் என்று நீயே யோசித்துக் கண்டுபிடி. காலையில் வெயில் எந்தப் பக்க ஜன்னலில் விழுகிறது என்று பார். சூரியன் அப்போது கிழக்குப் பக்கம் இருக்கும், அதனால் கார் எந்தத் திசையில் போகிறது என்று உன்னால் சொல்ல முடியும். வளைவுகளில் வெயில் ஜன்னல் மாறும்போது நேரம் போவதே தெரியாது. கிளம்புவதற்கு முன், டயர் சூடேறாமல் இருக்கும்போது அப்பா காற்று பார்ப்பார் இல்லையா? அந்த எண்ணைப் படித்துச் சொல்லும் வேலையை நீ எடுத்துக்கொள். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். கூடுதல் டயரை மறக்காதே, எல்லோரும் மறப்பது அதைத்தான்.

எழுதும் வேலையை வண்டி நிற்கும்போது செய். ஓடும்போது குனிந்து எழுதினால் குமட்டும். போர் அடித்தால் அடிக்கட்டும், கொஞ்ச நேரம் சும்மா வெளியே பார். என் மகள் அப்படிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு மத்தியானத்தில்தான் “எனக்கு இனிமேல் பெரிய பெண்கள் மாதிரி முடி வெட்டணும்” என்றாள். அவளுக்கு அப்போது உன் வயது.

கேள்வி: மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் காரில் போகப் பணம் சேர்த்திருக்கிறோம். “அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது, வீண்” என்கிறார்கள்.

பெரியவர்களிடம் “உங்களுக்கு நினைவிருக்கும் முதல் சம்பவம் எது” என்று கேட்டால், மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆக, உங்கள் மகள் அந்த விளிம்பில் இருக்கிறாள். ஒரு வேளை ஒன்றும் தங்காமல் போகலாம். ஆனால் பயணம் முடிந்தபின் அதைப் பற்றிப் பேசிப் பேசித்தான் குழந்தைக்கு நினைவு கெட்டிப்படுகிறது. “நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் “ம்” என்று முடித்துவிடுவாள். “அந்த ஆடு உன் தொப்பியை என்ன செய்தது?” என்று கேளுங்கள், அவள் மீதியைச் சொல்வாள்.

எது தங்கும் என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. என் மகனுக்கு ஆறு வயது. அருவி ஒன்றைப் பார்க்க ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆடிக்கொண்டிருந்த முதல் பல் வழியில் விழுந்துவிட்டது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவன் அதைத் தவறவிட்டான். பின்சீட்டுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. ஓரமாக நிழலில் நிறுத்தி, கால்மிதிகளை எடுத்து உதறி, டார்ச் அடித்து நாற்பது நிமிடம் தேடினோம். என் கணவர் தரையில் மல்லாந்து படுத்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். சட்டையெல்லாம் மண். பல் கிடைக்கவில்லை. இன்று அந்த அருவி அவனுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. அப்பா மண்ணில் படுத்துத் தன் பல்லைத் தேடியதை இப்போதும் சொல்வான். அந்தக் காரை விற்கும்போது, “பல்லும் அதோடு போகுதே” என்றான். அப்போது அவனுக்குப் பதினாறு.

அதனால் போய் வாருங்கள். போட்டோவில் நீங்களும் இருங்கள். எங்கள் முதல் ஐந்தாறு பயணங்களின் படங்களில் நான் இல்லவே இல்லை, எடுத்தது நான் என்பதால். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேள்வி: சாலையோரம் தண்ணீர் வாங்க இரண்டே நிமிடம். தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டுமா?

எழுப்புங்கள், அல்லது ஒருவர் காரிலேயே இருங்கள். மூடிய காருக்குள் வெயிலில் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாகக் குறையாது. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். இரண்டு நிமிடம் என்று போனது இரண்டு நிமிடத்தில் முடிவதில்லை.

கேள்வி: மகனுக்குப் பதினேழு. அடுத்த வருடம் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறான். கடைசியாக ஒருமுறை எல்லோரும் சேர்ந்து காரில் போகலாம் என்றால், “நீங்க போயிட்டு வாங்க” என்கிறான். மனசு கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டமாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “கடைசியாக” என்ற சொல்லை அவனிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இனி வேண்டாம். அந்தச் சொல்லின் பாரத்தை அவன் தலையில் வைத்தால் அவன் நழுவத்தான் பார்ப்பான். ஒரு வாரம் வேண்டாம், மூன்று நாள் போதும் என்று சொல்லுங்கள். அதில் ஒரு நாளை முழுவதுமாக அவனிடம் விட்டுவிடுங்கள். எங்கே போவது, எப்போது எழுவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவன் முடிவு. அந்த நாள் முழுவதும் அவன் தூங்கினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். எங்கள் மகன் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய ரயில் பாலம். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்று நான் நினைத்தேன். அதன் கீழே உட்கார்ந்து, போகிற ரயில்களை எண்ணிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தோம்.

அவனை முன்சீட்டில் உட்கார வையுங்கள், நீங்கள் ஓட்டுங்கள். காரில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, இருவரும் சாலையைத்தான் பார்க்கிறோம். பதினேழு வயதுப் பையனுக்கு அது பெரிய வசதி. ஆனால் கேள்வி கேட்காதீர்கள். அந்தப் பயணத்தின் இரண்டாம் நாள் மாலை, என் கணவரும் மகளும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, “அம்மா, எனக்கு அங்கே போகப் பயமா இருக்கு” என்றான். வண்டியை நிறுத்திவிட்டு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நிறுத்தியிருந்தால் அவன் பேச்சையும் நிறுத்தியிருப்பான். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “ம், சொல்லு” என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஊர் வரும் வரை சொன்னான்.

அந்தப் பக்கத்தில் நோட்டில் தேதியும் தூரமும் மட்டும்தான் இருக்கிறது. அவன் சொன்னதை எழுதவில்லை. தேதியை உங்கள் மகனையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.